பூசைக்கு நிறுத்தாத பெட்டி

அந்தப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது ஆவணி மாதத்தில். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிற மாதிரி மெலிசாக ஒரு கீச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் லேத்தும் டிரில்லிங் மெஷினும் போடுகிற கூச்சலில் அது ஞானதுரையைத் தவிர வேறு யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தால் அப்போதே ஒரு முடிவு தெரிந்திருக்கும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு நூற்பாலைக்காரர் கட்டிய எஞ்சினியரிங் காலேஜ் அது. பஞ்சு குடோனாக இருந்த நீளக் கட்டடத்தைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியை வொர்க்‌ஷாப் என்றும் மறு பாதியைக் கம்ப்யூட்டர் லேப் என்றும் ஆக்கியிருந்தார்கள். பஞ்சு மூட்டை போய்ப் பல வருஷம் ஆகியும் உத்திரத்திலிருந்து தூசி உதிர்வது மட்டும் நிற்கவில்லை. அந்த லேப்புக்குப் பொறுப்பு ஞானதுரை.

தொண்ணூற்றாறு வரைக்கும் அங்கே ஓடியதெல்லாம் காப்பியடித்த சாஃப்ட்வேர். நாடு பூராவும் அப்படித்தான் ஓடியது. யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. மதுரையில் எங்கோ ஒரு ஆபீசில் போலீசோடு வந்து சோதனை போட்டார்கள் என்று செய்தி வந்தபோதுதான் காலேஜ் கரஸ்பாண்டன்டான அந்த ஆலைக்காரர் விலை விசாரித்தார். முறைப்படி வாங்குவதற்கு மதுரைக் கம்பெனிக்காரன் ஒரு விலை சொன்னான். அதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். அந்த நேரம் பார்த்து ஞானதுரை வாயைக் கொடுத்தான்.

"ஐயா, லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. சும்மாவே கிடைக்கும்."

"சும்மான்னா?"

"உலகத்துல பல பேரு சேந்து எழுதுதாவ ஐயா. எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க, திருத்திக்கிடுங்கன்னு விட்டிருதாவ. பத்திரிகையோட சி.டி. வந்திருக்கு. எங்கிட்ட இருக்கு."

"குடுக்கவனுக்கு அதுல என்ன கிடைக்கும்?"

ஞானதுரை தனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆலைக்காரர் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"ஆலையில நூல் சுத்துற பிரேம்ல கோளாறுன்னா கோயமுத்தூருக்குப் போன் போடுவேன். ஆளு வருவான். இது நின்னா எவனக் கூப்பிட?"

"என்னயக் கூப்பிடுங்க ஐயா. நான் பாத்துக்கிடுதேன்."

அந்தச் சி.டி.யிலேயே எழுதியிருந்தது, இதனால் எது கெட்டாலும் எழுதியவர்கள் யாரும் பொறுப்பில்லை என்று. உலகத்தில் ஒருத்தனும் வாரண்டி கொடுக்காத சாமானுக்கு இவன் தன் தலையை வாரண்டியாகக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. கரஸ்பாண்டன்ட் ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாவற்றையும் மூலையிலிருந்த ஒரே ஒரு பெட்டியைக் கொண்டு ஓட வைத்தான். பிள்ளைகள் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதினாலும் அது போய்ச் சேருவது அந்தப் பெட்டிக்குள்தான். அவன் அதை சர்வர் என்பான். மற்றவர்களுக்கு அது மூலைப் பெட்டி. இரண்டு வருஷமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் வந்ததும் அவன் காலேஜில் இருந்த ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷனில், மதுரைக்கு எஸ்.டி.டி. லைன் போட்டு, அறுந்து, மறுபடி போட்டு, லினக்ஸ்காரர்கள் பேசிக்கொள்கிற இடத்தில் கேள்வி எழுதினான். எந்த ஊர்க்காரனோ, முகம் தெரியாத ஒருத்தன், ராத்திரிக்குள் பதில் போட்டிருந்தான். டிஸ்க் போகிற காலம் இது, ஓடுகிற வரைக்கும் ஓடும், நிறுத்தினால் மறுபடி சுற்றும் என்று சொல்ல முடியாது, வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்கும்வரை நிறுத்திவிடாதே என்று சொல்லியிருந்தான். ஒரு காசு வாங்காமல் இவ்வளவு அக்கறையாக யார் சொல்வார்கள் என்று ஞானதுரைக்கு மனசு நிறைந்தது.

கடைசி வருஷப் பிள்ளைகளின் புராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் கிடந்தது. பூஜை லீவு முடிந்த கையோடு மதுரையிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். ஃபிளாப்பியில் காப்பி எடுத்துப் பார்த்தான். அந்தத் தூசியில் பாதி ஃபிளாப்பி மறுநாளே படிக்க மறுத்தது. பிள்ளைகளோ தினமும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். புது டிஸ்க் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். எதற்கு என்று எழுதவில்லை. எழுதினால் 'ஓசிச் சரக்கு, அதான் இப்படி' என்று மதுரைக் கம்பெனிக்காரன் வந்து நிற்பான். கெட்டது டிஸ்க், லினக்ஸ் இல்லை என்று இவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாது. டிஸ்க்குக்கு உத்தரவு கிடைத்தது. மதுரைக் கடைக்காரன் சரஸ்வதி பூசை கழியட்டும் என்றான்.

புரட்டாசி முடியப்போகிறது, மழை இறங்கவில்லை. சாயங்காலமானால் அய்யனார் கோவில் மலைமேல் மேகம் வந்து கறுப்பாக உட்காரும். ஊர் அண்ணாந்து பார்க்கும். அதுபாட்டுக்குக் கலைந்து போய்விடும். உடம்பெல்லாம் கசகசவென்று, எதிலும் கை வைக்கத் தோன்றாத புழுக்கம்.

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் ஞானதுரை வொர்க்‌ஷாப்புக்குப் போனான். ஃபோர்மன் வைகுண்டராஜ் லேத்துகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கரஸ்பாண்டன்டின் ஆலையில் ஃபிட்டராக இருந்து இங்கே வந்தவர். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் கிடையாது.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த."

"சொல்லுலே. அந்தப் பஞ்ச இங்கிட்டு எடு."

எடுத்துக் கொடுத்தான். "நாளைக்கு லேப்ல எல்லாத்தையும் அணைச்சிருதேன். மூலைப் பெட்டிய மட்டும் ஓட விட்டுக்கிடட்டுமா? பிள்ளைக வேல பூராவும் அதுல கிடக்கு. நிறுத்துனா திரும்ப ஏறுமான்னு சந்தேகமா இருக்கு."

"ஏறாமப் போற நெலமையிலயா வச்சிருக்க?"

"பழைய சாமான் அண்ணாச்சி. புதுசு வருது, பூசை கழிச்சு."

"கரஸ் ஐயாட்ட சொன்னியா?"

"இல்ல."

வைகுண்டராஜ் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏலே, நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன், உனக்கு இது வெளங்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்தத சொல்லுதேன், கேட்டுக்க. ஆலையில ஒரு வருசம் எக்ஸ்போர்ட் ஆர்டர். நெருக்கடி. எல்லா பிரேமையும் பூசைக்கு நிறுத்திட்டு மூணே மூண மட்டும் ஓட்டுனாவ. பொட்டு வச்சாவ, மாலை போட்டாவ, ஓடுறதுக்கே சூடம் காட்டுனாவ. தை மாசம் என் கை போச்சு." கையைத் தூக்கிக் காட்டினார். "பெல்ட்டு பழசுன்னு எஞ்சினியர் சொன்னாரு. இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அம்புட்டு பிரேம் இருக்கையில அந்த மூணுல ஒண்ணுதான என்னயப் பிடிச்சது?"

அவர் கையை இறக்கி மடியில் வைத்தார்.

"வருசம் பூரா நமக்காவ ஓடுது. ஒரு நாளு அது மூச்சு விடட்டும். அதுக்கு மேல உன் இஷ்டம்னு சொல்ல மாட்டேன். இங்க சின்னப் பயலுவ லேத்துல கைய வைக்கான். நிறுத்திரு."

"சரி அண்ணாச்சி."

வேறு என்ன சொல்ல முடியும்? அந்த மூன்று விரல் கையைப் பார்த்துக்கொண்டு டிஸ்க்கைப் பற்றி விளக்க அவனுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அவன் மனைவி கிருபாபாய் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வருகிற சல்லாத் துணியை, கைப்பிடி வைத்த சின்னச் சுற்று மெஷினில் இறுக்கிச் சுற்றி, தாளில் பொதிந்து கொடுக்க வேண்டும். வீட்டு வேலை போக மற்ற நேரமெல்லாம் அதுதான் அவளுக்கு. தலைமுடி, புருவமெல்லாம் வெள்ளையாக நூல் தும்பு ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாப்பிடுறதுன்னா சாப்பிடுங்க. கொழம்பு என்ன பாவம் பண்ணிச்சு?"

எல்லாவற்றையும் சொன்னான். மூலைப் பெட்டியின் சத்தம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. வைகுண்டராஜ் சொன்னதுதான் புதிது.

"பேசாம கரஸ்பாண்டன்ட் வீட்டுக்கே போய்ச் சொல்லிருவமான்னு இருக்கு."

"என்னன்னு சொல்லுவீய? டிஸ்க்குன்னும் லினக்ஸுன்னும் நீங்க சொல்லுறது ஒண்ணும் காதுல விழாது. ஒங்க பூசைக்கு எம் பெட்டிய நிறுத்த மாட்டேன்னு ஒரு வேதக்காரன் வந்து நின்னான், அம்புட்டுதான் விழும்."

"அவிய அப்படிப்பட்டவிய இல்லட்டி."

"அவிய இல்ல. சுத்தி நிக்கவிய?"

"நிறுத்தி, எந்திரிக்கலன்னா?"

"அதுக்கும் ஒங்க தலைதான். என்னயக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்தீயள்லா, பெரிய சூரன் மாதிரி." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள். "எங்க அப்பா ஆலங்குளத்துல இருந்துக்கிட்டு இன்னும் கேக்காவ. எவனோ எழுதுனதுக்கு மாப்பிள்ளை ஏன் பொணை நிக்காருன்னு. சிமென்ட் ஃபாக்டரியில இப்பவும் ஆளு எடுக்காவளாம்."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். அவள் மறுபடி சுற்ற உட்கார்ந்தாள்.

"ஏங்க, அது ஓடுதா இல்லயான்னு பாக்கவியளுக்கு எப்படித் தெரியும்?"

"முன்னால பச்ச லைட்டு எரியும்."

"அதுல சந்தனத்த அப்பிருங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"டி.வி. மாதிரி இருக்குல்லா, அத அணைச்சிருங்க. பெட்டி மேல ஒரு துணியப் போட்டு மாலையப் போட்டிருங்க. சூடம் காட்ட எம்புட்டு நேரம்? எவரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"பொய்யில்லா, கிருபா."

"பிள்ளைக வேலையக் காப்பாத்தத்தான? நாம எடுத்துத் திங்கதுக்கா? கர்த்தருக்குத் தெரியும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போனது. அவளுக்கே அது உறுதியாக இல்லை.

மறுநாள் காலையில் லேப் வாசலில் வாழை கட்டியாயிற்று. ஞானதுரை எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்துப் பொட்டு வைத்தான். ஏ.சி.யை அணைத்தான், ஃபேனை அணைத்தான், லைட்டை அணைத்தான். மூலைப் பெட்டியின் பச்சை வெளிச்சத்தின்மேல் சந்தனத்தை அழுத்தி அப்பினான். மேலே வெள்ளைத் துண்டைப் போட்டு, செவ்வந்தி மாலையைச் சாத்தினான். தள்ளி நின்று பார்த்தால் மற்றதையெல்லாம் விட அந்தப் பெட்டிதான் பூசைக்கு லட்சணமாகத் தெரிந்தது.

முதலில் வொர்க்‌ஷாப்பில் பூசை. வைகுண்டராஜ் அந்தப் பக்கத்து மெயின் சுவிட்சை இறக்கினார். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, அவல் எல்லாவற்றோடும் கூட்டம் லேப்புக்குள் வந்தது. கரஸ்பாண்டன்ட் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றார். வாத்தியார்கள், கிளார்க்குகள், சில பிள்ளைகள். ஐயர் மணியை ஆட்டி மந்திரம் சொன்னார். ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் காட்டிக்கொண்டு வந்த சூடத் தட்டு மூலைப் பெட்டிக்கு வந்தது. காட்டினார். மணியைக் கீழே வைத்தார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

அப்போது கேட்டது அந்தக் கீச்சு.

வெளிச்சத்தை மறைக்கத் தெரிந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சத்தத்தின் ஞாபகம் வரவில்லை. ஆவணியிலிருந்து லேத்தின் கூச்சலிலும் ஏ.சி.யின் இரைச்சலிலும் அடங்கிக் கிடந்த சத்தம். அந்தக் கட்டடத்தில் எதுவுமே ஓடாத ஒரே நாள் அன்றைக்குத்தான். அறை முழுவதும் அது மட்டும் கேட்டது.

"எலியா?" என்றார் ஒரு வாத்தியார்.

"எலி இல்ல," என்றார் வைகுண்டராஜ். "சுத்துது."

ஆலையில் இருந்த காது. நேராக மூலைக்கு வந்தார். துண்டின்மேல் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதைத்தான் ஞானதுரையால் பார்க்க முடியவில்லை.

"சூடா இருக்குய்யா."

கரஸ்பாண்டன்ட் திரும்பினார். "தம்பி, ஓடுதா?"

"ஆமா ஐயா."

"நிறுத்தலயா?"

"நிறுத்துனா திரும்ப ஏறாது ஐயா. டிஸ்க் போற நெலமையில இருக்கு. பிள்ளைக புராஜெக்ட் எல்லாம் போயிரும்."

"அத எங்கிட்ட நேத்து சொல்ல உனக்கு வாயில்லயா?"

ஞானதுரையின் கண் பெட்டியிலிருந்த சந்தனத்தின்மேல் போனது.

"சந்தனம் யாரு வச்சது?"

"நான்தான் ஐயா."

அவர் அந்தச் சந்தனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காய்ந்து வெடித்த இடத்தில் பச்சையாக ஒரு கீற்று தெரிந்தது. ஐயர் தட்டில் சூடம் தானாக அணைந்தது.

"நிறுத்து," என்றார்.

ஞானதுரை மாலையை எடுத்தான். அணைத்திருந்த மானிட்டரைப் போட்டு, முறையாக நிறுத்துவதற்கு உண்டான உத்தரவைத் தட்டினான். எழுத்துகள் ஓடி நின்றன. சுவிட்சை அமுக்கினான். கீச்சு தேய்ந்து தேய்ந்து இறங்கி அடங்கியது. வேறு சூடம் ஏற்றினார்கள். யாரோ அவன் கையிலும் பொரியைக் கொடுத்தார்கள். கும்பிட்டு முடித்துக் கூட்டம் கலையும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

விஜயதசமி அன்று காலையில் மெஷின்களை மறுபடி ஓட்டுவது வழக்கம். லீவாக இருந்தும் கடைசி வருஷப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். சேதி அவர்கள் வீடுகள் வரைக்கும் போயிருந்தது. லேப் வாசலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். ஒரு பெண் அழுது முகம் வீங்கியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு லேத்தும் ஓடவில்லை.

கரஸ்பாண்டன்ட் வந்து நாற்காலியில் உட்காரவில்லை.

"ஏத்து," என்றார்.

ஞானதுரை சுவிட்சில் கையை வைத்தான். கண்ணை மூடினான். அதைப் பார்த்து வாசலில் நின்ற பிள்ளைகளும் கையைக் கூப்பினார்கள். அமுக்கினான்.

பெட்டிக்குள் ஃபேன் சுற்றியது. வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே ஒரு சின்ன முட்டல். இன்னொன்று. கீச்சென்று பிடித்து, சுற்ற ஆரம்பித்தது. திரையில் எழுத்துகள் வரிசையாக இறங்கின. "ஏறிட்டு, ஏறிட்டு," என்று வாசலிலிருந்து பின்னால் சேதி போனது. அழுதுகொண்டிருந்த பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஞானதுரை திரும்பவில்லை.

கரஸ்பாண்டன்ட் புரியாத அந்த எழுத்துகளைக் கடைசி வரைக்கும் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான ஓடுது, தம்பி."

"ஆமா ஐயா."

"ஏறவே ஏறாதுன்னியே."

"ஏறாமப் போகக் கூடியதுதான் ஐயா. இந்தத் தடவ ஏறிட்டு. அடுத்த தடவ…" அவன் நிறுத்திக்கொண்டான். அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. ஏறாமல் போயிருந்தால் அவன் சொன்னது மெய். ஏறிவிட்டதால், பூசைக்கு நிறுத்தப் பிடிக்காமல் சந்தனத்தை அப்பி ஏமாற்றிய வேதக்காரன்.

"மதுரைக்காரன் இந்தச் சரக்க நம்பாதீயன்னான். நான் சரக்க நம்பல. உன்னய நம்புனேன்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வைகுண்டராஜ் வொர்க்‌ஷாப்புக்குள்ள கால வைக்க மாட்டேன்னுட்டான். ஒரு பயலும் லேத்தத் தொட மாட்டேங்கான். இனி எவன் கையில ஒரு கீறு விழுந்தாலும் உம் பேரத்தான் சொல்லுவானுவ. அதுக்கு நான் என்ன பண்ண? சரி, பிள்ளைக வேலைய எடுத்துக் குடு. குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்க."

அன்றைக்கு முழுவதும் ஞானதுரை ஃபிளாப்பி ஃபிளாப்பியாகக் காப்பி எடுத்துக் கொடுத்தான். பிள்ளைகள் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். கடைசி ஆள் போனதும் லேப்பைப் பெருக்கிவிட்டுப் புறப்பட்டான். வழியில் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

கிருபாபாய் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எந்திரிச்சிட்டா?"

"எந்திரிச்சிட்டு."

"ஸ்தோத்திரம்," என்று இரண்டு கையையும் மார்பில் வைத்தாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "பொறவு என்ன?"

"நின்னுக்கச் சொல்லிட்டாவ."

"அதான் எந்திரிச்சிட்டுல்லா. ஒண்ணும் ஆகலல்லா."

"ஒண்ணும் ஆகல. அதனாலதான்."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான்தான சொன்னேன், சந்தனத்த அப்புங்கன்னு. நான் வாய வச்சிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"அப்புனது நான்."

"ஆலங்குளத்துக்கு வேணும்னா ஒரு வார்த்த சொல்லி விடட்டுமா? அப்பா கேட்டுச் சொல்லுவாவ."

"சொல்லு."

அவன் அவள் பக்கத்தில் சுற்று மெஷினைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். சல்லாத் துணி அவன் காலில் சுற்றியது. எடுத்துவிடவில்லை.

"கிருபா, சுவிட்சுல கைய வச்சிக்கிட்டு நின்னேன். பிள்ளைக அம்புட்டும் வாசல்ல நின்னு கும்பிடுது. எனக்கு அது எந்திரிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு."

"பயத்துல மனசு எங்கயாவது போகும். நெனச்சா நெனச்சதுதானா? விடுங்க."

"நெனக்க மட்டும் செய்யல," என்றான் ஞானதுரை. "கண்ண மூடி ஜெபம் பண்ணுனேன்."